மோட்டார் வண்டியின் புஷ் போல்ட்டுகள் அடிக்கடி தளர்வதன் காரணமும் பரிகாரமும்

கோடம்பாக்கம் முன்னாளில் சென்னைப் பட்டணத்திற்குப் புறத்தே இருந்த ஒரு கிராமம். அதன் அருகே நீண்டு கிடந்த பெரிய ஏரி 1920-களில் வற்ற வைக்கப்பட்டுத் தியாகராய நகரம் உண்டாயிற்று. நுங்கம்பாக்கத்தில் ஒரு பகுதிக்கு வழங்கும் ‘லேக் ஏரியா’ என்ற பெயரைத் தவிர அவ்வேரிக்கு இன்று அங்கே அடையாளம் அதிகமில்லை. ஆகவே அப்பக்கத்துக் கடைகளில் விற்பனையாகும் கீரையும் கத்தரியும் வெண்டையும் வெளியூர்களிலிருந்தே வந்தாக வேண்டும். திருவள்ளூர் முதலிய இடங்களில் நிலமுடைய விவசாயிகள் பலர், தரகர் வண்டிக்குக் காத்திராமல், சொந்தத்தில் சிறு லாரி வாங்கி, 1996-ம் வருஷம் முதல் நடந்துவரும் கோயம்பேடு மொத்த அங்காடிக்கோ, வடபழனி, கோடம்பாக்கம், மாம்பலம் கடைகளுக்கோ தாங்களே சரக்கைக் கொண்டு சேர்க்கின்றனர்.

இவ்வண்டிகளுக்குப் பாதை ஒன்று போல் இராது. வயலோரத்து வண்டித்தடம், பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை, அண்மை வருஷங்களில் மெட்ரோ ரயில் வேலைக்காக வெட்டியும் மூடியும் கிடந்த ஆற்காடு சாலை, அதற்கப்பால் 1965-ல் திறக்கப்பட்ட கோடம்பாக்கம் மேம்பாலம் என ஒரே நடையில் எல்லாவற்றையும் கடக்க வேண்டியிருக்கிறது. ஒன்றரை டன் சுமையுடன் அதிகாலையில் இவ்வழியே செல்லும் வண்டியில் முதலில் ஓய்ந்து போகும் பாகம் எஞ்சினன்று. சக்கர அச்சையும் அடிச்சட்டத்தையும் இணைக்கும் வில்பட்டைகளின் நுனிப் போல்ட்டுகளே முதலில் தளர்கின்றன. பட்டறைகளில் ‘கமான் பட்டை’ என்று வழங்குவதே இங்கு வில்பட்டை எனப்பட்டது.

இக்கோளாறு பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் நடைபெறுகிறது. பிரேக் பிடிக்கும்பொழுதும், பின்னோக்கி எடுக்கும்பொழுதும், வண்டியின் அடியில் ‘டொக்’கென்று ஒரு சத்தம் கேட்கும். பட்டறையில் காட்டினால், போல்ட்டு லூஸ் என்று சொல்லி முடுக்கி அனுப்புவார்கள். சத்தம் நின்றுவிடும். பத்து நாள் கழித்து மறுபடியும் கேட்கும். இரண்டாம் முறை ஒரு ஸ்பிரிங் வாஷர் சேர்ப்பார்கள். மூன்றாம் முறை ஸ்பானரின் பிடியில் நீண்ட குழாயை மாட்டி, பலசாலியான ஓர் ஆள் தன் முழுப் பலத்தையும் கொண்டு முடுக்குவான். நான்காம் முறை போல்ட்டு முறிந்துவிடும். அது பட்டறையில் முறிந்தால் பாதகமில்லை. மேம்பாலத்து இறக்கத்தில் முன்னும் பின்னும் பஸ்கள் நெருங்கியிருக்கையில் முறிந்தால், பின்னச்சின் ஒரு பக்கம் பின்வாங்கி வண்டி கோணலாகத் திரும்பிவிடும். அப்பொழுது ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரால் செய்யக்கூடியது சொற்பமே.

மூன்று முறை முடுக்கியும் நிற்காத போல்ட்டை நான்காம் முறை முடுக்குவதில் பிரயோஜனமில்லை. போல்ட்டு தளர்வது நோயன்று, நோயின் அறிகுறி. நோய் இருப்பது அப்போல்ட்டு பற்றியிருக்கும் பாகங்களிலேயாம்.

புஷ் என்பது யாது?

வில்பட்டையின் முனை ஒரு வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். இதற்குக் ‘கண்’ என்று பெயர். அக்கண்ணுக்குள் அழுத்திப் பொருத்தப்பட்ட உருளையே புஷ். அடிச்சட்டத்தில் பற்றவைத்துள்ள இரண்டு காதுகளுக்கு இடையே கண்ணை நிறுத்தி, குறுக்கே போல்ட்டைச் செலுத்தி நட்டுப் போடுகிறார்கள்.

புஷ்களில் இரண்டு ஜாதிகள் உண்டு. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவதே பாதித் தவறுகளுக்குக் காரணம். முதலாவது பித்தளை அல்லது வெண்கலப் புஷ். இதில் ஊசி என்னும் பின், புஷ்ஷுக்குள் சுழலும். ஆகவே அதற்குக் கிரீஸ் அவசியம். பழைய லாரிகளிலும் டிராக்டர் டிரெய்லர்கள் சிலவற்றிலும் இதைக் காணலாம். இரண்டாவது ரப்பர் புஷ். வெளியே ஓர் இரும்புக் குழல், உள்ளே ஒரு சிறு இரும்புக் குழல், நடுவே இறுகப் பிடித்திருக்கும் ரப்பர். ஐரோப்பாவில் 1920-களில் ‘சைலண்ட்பிளாக்’ என்ற பெயரில் பரவிய இவ்வமைப்பே இன்று சிறு லாரிகளிலும் கார்களிலும் பெரும்பாலும் உள்ளது.

ரப்பர் புஷ்ஷில் எதுவும் சுழல்வதில்லை. உட்குழல் இரு காதுகளுக்கும் நடுவே அசையாமல் நசுக்கிப் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். வில்பட்டை மேலும் கீழும் ஆடும்பொழுது ரப்பர் மட்டும் முறுகிக் கொடுத்து மீளும். இங்கே போல்ட்டு, கதவுக் கீலின் ஊசியைப் போன்றதன்று. காதுகளையும் குழலையும் சேர்த்து நெருக்கிப் பிடிக்கும் கிடுக்கியைப் போன்றது. இதற்குக் கிரீஸ் வைப்பது உபகாரமாகாது, அபகாரமே. தாது எண்ணெய் பட்ட ரப்பர் ஊதி மென்மையாகிக் கெட்டுவிடும்.

பிடிப்பு எங்கிருந்து வருகிறது?

கட்டை வண்டியை அறிந்த குடியானவருக்கு இதை விளக்குவது எளிது. வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டாவைத் தச்சரும் கொல்லரும் ஆணியடித்து நிறுத்துவதில்லை. சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுச் சிறியதாகப் பட்டாவைச் செய்து, நெருப்பில் காய்ச்சி, அது விரிந்திருக்கையில் மாட்டித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஆறும் பட்டா சுருங்கி, வட்டை, ஆரக்கால், குடம் மூன்றையும் ஒரே உடலாக நெருக்குகிறது. அந்நெருக்கமே சக்கரத்தின் பலம். கோடையில் மரம் உலர்ந்து சிறுத்தால் நெருக்கம் போய் ஆரக்கால்கள் கடகடக்கும். அப்பொழுது ஆப்பு அடிப்பவருக்கு ஒரு மாதம் ஓடும். பட்டாவை வெட்டிக் குறைத்து மறுபடி காய்ச்சிப் போடுபவருக்குப் பல வருஷம் ஓடும்.

போல்ட்டும் அப்படியே. நட்டை முடுக்கும்பொழுது போல்ட்டு மிகச் சிறிதளவு நீள்கிறது. மீண்டும் சுருங்க முயலும் அதன் பலமே பாகங்களை நெருக்குகிறது. 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள 8.8 தரப் போல்ட்டு சரியாக முடுக்கப்பட்டால் ஏறக்குறைய 3½ டன் பலத்துடன் நெருக்கும். அந்நெருக்கத்தால் உண்டாகும் உராய்வுதான் குழலை நழுவாமல் நிறுத்துகிறது. இவ்வளவு பலத்திற்காகப் போல்ட்டு நீளும் அளவு எவ்வளவு என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 70 மில்லிமீட்டர் நீளப் பிடிப்பில் அது சுமார் 0.15 மில்லிமீட்டர், எழுதும் காகிதத்தின் கனத்தைவிடச் சற்றே மிகுதி. காதின் உட்புறத்தில் பெயிண்டுப் படலமோ, துருவோ, காய்ந்த சேறோ 0.1 மில்லிமீட்டர் கனத்திற்கு இருந்து, ஓட்டத்தில் அது நசுங்கிப் பொடியாய் உதிர்ந்துவிட்டால், 3½ டன் பிடிப்பில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. நட்டு ஓர் இழையும் திரும்பியிராது; ஆயினும் போல்ட்டு தளர்ந்துவிட்டது.

பிடிப்பு குறைந்த பின்னர் குழல் காதுகளுக்கு இடையே பக்கவாட்டில் நழுவத் தொடங்குகிறது. கெர்ஹார்ட் யுங்கர் என்னும் ஜெர்மன் இஞ்சினீயர் 1969-ல் வெளியிட்ட சோதனைகளில், போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்ச்சியைவிடக் குறுக்குவாக்கில் வரும் நழுவலே நட்டை வெகு விரைவில் கழற்றுகிறது என்று காட்டினார். ஒவ்வொரு நழுவலிலும் மரைகளின் உராய்வு ஒரு கணம் அற்றுப்போகிறது. அக்கணத்தில் நட்டு தானே சிறிது பின்வாங்குகிறது. சாதாரண ஸ்பிரிங் வாஷர் இதைத் தடுப்பதில்லை. முழுதும் முடுக்கிய நட்டின் கீழ் அது தட்டையாகிவிடுவதால், பிறகு வெறும் வாஷரேயன்றி வேறில்லை.

எதை ஆராய வேண்டும்?

கழற்றுவதற்கு முன்பே சில அறிகுறிகளைக் கொண்டு காரணத்தைக் கண்டறியலாம். போல்ட்டின் தலையைச் சுற்றிச் செந்நிறமான மெல்லிய பொடி படிந்திருந்தால் உலோகமும் உலோகமும் உராய்ந்து கொண்டிருக்கின்றன என்று கொள்ளலாம். வாஷர் இருந்த இடம் பளபளவென்று தேய்ந்திருப்பதும் அதையே காட்டும். பின் டயர்களில் ஒன்று மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்தால் அச்சு ஏற்கெனவே விலகியிருக்கக்கூடும். இரு பக்கத்திலும் முன் சக்கர மையத்திற்கும் பின் சக்கர மையத்திற்கும் உள்ள தூரத்தைக் கயிற்றால் அளந்து ஒப்பிட்டால் அது தெரிந்துவிடும்.

கழற்றிய பின்னர் முதலில் காண வேண்டியது உட்குழலின் நீளம். அது ரப்பரையும் வெளிக்குழலையும்விடச் சற்று நீண்டு, இரு முனைகளிலும் வெளியே துருத்தியிருக்க வேண்டும். மலிவு விலையில் கிடைக்கும் போலிப் புஷ்கள் சிலவற்றில் குழல் குட்டையாக உள்ளது. அத்தகைய புஷ்ஷை மாட்டினால், எத்தனை முடுக்கினாலும் காதுகள் இரும்பை நெருக்காமல் ரப்பரையே நெருக்கும். அல்லது உள்நோக்கி வளைவதிலேயே போல்ட்டின் பலமெல்லாம் செலவாகும். ரப்பரைக் கிடுக்கியில் பிடித்து வைத்தது போன்ற இந்நிலையில் போல்ட்டு ஒரு வாரம் தாங்கினால் அதிகம். பழைய புஷ்ஷையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்காமல் மாட்டுவது கூடாது.

அடுத்தது காதின் துளை. நெடுநாள் தளர்ந்து ஓடிய வண்டியில் துளை வட்டம் மாறி முட்டை வடிவமாயிருக்கும். புதிய போல்ட்டின் மழுமழுப்பான பகுதியை அதில் நுழைத்து அசைத்தால் ஆட்டம் தெரியும். இவ்வளவு தேய்ந்த காதுக்கு வெறும் போல்ட்டு மாற்றம் போதாது. தடித்த தகட்டில் சரியான துளையிட்டு, காதின் மேல் பற்றவைப்பதோ, காதையே மாற்றுவதோ வேண்டும். இவ்வேலையைத் தேர்ந்த வெல்டரிடம், புஷ்ஷையும் வில்பட்டையையும் அகற்றிய பின்னரே செய்விக்க வேண்டும். போல்ட்டைக் கழற்றாமலே நட்டை வெல்டிங் செய்துவிடுவது சிலரிடையே உள்ள வழக்கம். அது போல்ட்டின் பதத்தைக் கெடுத்து, ரப்பரையும் கருக்கிவிடும். அடுத்த முறை அப்பாகத்தை வெட்டித்தான் எடுக்க நேரும்.

போல்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியதுண்டு. அதன் தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ எண் பொறித்திருக்கும். முதல் எண் நூறால் பெருக்கப்பட்டால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டன் கணக்கில், அது முறியும் பலம். இரண்டாம் எண், அப்பலத்தில் பத்தில் எத்தனை பங்கு வரையில் அது நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பதைக் காட்டும். இந்தியத் தர விதிகளில் ஐ.எஸ். 1367 இவற்றைப் பற்றியது. எண்ணே இல்லாத போல்ட்டு கலப்பைக்கும் வேலிக்கும் உதவலாம்; வில்பட்டைக்கு ஆகாது. சென்னையில் பழைய வாகனப் பாகங்களுக்குப் புதுப்பேட்டையும், புதியனவற்றுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் பெயர் பெற்றவை. அம்பத்தூருக்கு அணித்தான பாடியில் 1966 முதல் சுந்தரம் பாஸ்டனர்ஸ் ஆலையில் உயர்தரப் போல்ட்டுகள் செய்யப்படுகின்றன. ஆகவே நல்ல போல்ட்டுக்குப் பஞ்சமில்லை. பழைய வண்டியிலிருந்து கழற்றிய போல்ட்டை இந்த ஒரு வேலைக்கு வாங்குவது மட்டும் சிக்கனமாகாது. குழாய் போட்டு முடுக்கி ஒரு முறை அளவு மீறி நீண்ட போல்ட்டு வெளிக்குப் புதியது போலவே தோன்றும். நட்டைக் கையால் திருகிப் பார்க்கையில் மரை நடுவில் இறுகி, பின் இலகுவாகச் சென்றால் அது நீண்ட போல்ட்டு. அதைத் தள்ளிவிட வேண்டியதுதான்.

நைலான் வளையமுள்ள நட்டும் ஒரு முறைக்கே உரியது. கழற்றிய நட்டு விரலால் இலகுவாகச் சுழன்று ஏறினால் அதன் பிடி போய்விட்டது.

மாட்டும் முறை

வேலை செய்யும் இடம் சமதரையாக இருத்தல் வேண்டும். மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை முட்டுக் கொடுத்து, ஜாக்கியால் தூக்கிய அடிச்சட்டத்தை இரும்பு முட்டின் மேல் நிறுத்துக. செங்கல்லை அடுக்கி அதன் மேல் வண்டியை நிறுத்திவிட்டு அடியில் படுப்பது பிராணாபத்து; செங்கல் எச்சரிக்கையின்றி உடையும்.

காதுகளின் உட்புறம், குழலின் இரு முனைகள், வாஷர் அமரும் இடம் ஆகியவற்றைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, பெயிண்டும் துருவும் போய் வெறும் இரும்பு தெரியுமாறு செய்ய வேண்டும். இதைப் பட்டறைக்காரர்கள் வீண் வேலையென்று விட்டுவிடுவதுண்டு. மேலே கூறிய 0.1 மில்லிமீட்டர் கணக்கை அறிந்த சொந்தக்காரர் அருகிலிருந்து செய்விப்பது நலம். தலையின் கீழும் நட்டின் கீழும் கெட்டியான தட்டை வாஷர் இட்டு, போல்ட்டைச் செலுத்தி, நட்டைக் கையளவுக்கு மட்டும் முடுக்கி நிறுத்துக.

இனி வருவது, பெரும்பாலும் தவறவிடப்படும் படி. சக்கரம் அந்தரத்தில் தொங்கும் நிலையில் நட்டை முழுதும் முடுக்கக் கூடாது. தொங்கும் வில்பட்டையின் கோணம் வேறு, வண்டி தரையில் நிற்கும்பொழுது உள்ள கோணம் வேறு. தொங்கும் நிலையில் உட்குழலை இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கேறி நிற்கும். அம்முறுக்கு ஒவ்வொரு பள்ளத்திலும் குழலைத் திருப்பப் பார்க்கும். போல்ட்டும் தளரும், ரப்பரும் ஒரு வருஷத்திற்குள் கிழிந்துவிடும். ஆகவே ஜாக்கியை இறக்கி, சக்கரங்களைத் தரையில் ஊன்றவிட்டு, வண்டியை நாலைந்து முறை அழுத்தி ஆட்டி அமரச் செய்து, அதன் பின்னரே இறுதியாக முடுக்க வேண்டும்.

எவ்வளவு முடுக்குவது என்பதற்கு வண்டியின் கைப்புத்தகத்தில் கண்ட அளவே பிரதானம். அது கிடைக்காவிட்டால், உத்தேசமாக 12 மில்லிமீட்டர் 8.8 தரப் போல்ட்டுக்கு, எண்ணெயில்லாத மரையில், 8 முதல் 9 கிலோகிராம்-மீட்டர் எனக் கொள்ளலாம். இதை அளக்க டார்க் ரிஞ்ச் என்ற கருவி உண்டு. அது இல்லாத கிராமத்தில், காய்கறி நிறுக்கும் தொங்கு தராசே போதும். ஸ்பானரின் பிடியில் நட்டின் மையத்திலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளித் தராசின் கொக்கியை மாட்டி, ஸ்பானருக்குச் செங்குத்தாக இழுத்து, முள் 19 கிலோவைக் காட்டும்பொழுது நிறுத்தினால் ஏறக்குறைய 8½ கிலோகிராம்-மீட்டர் ஆகும். மரையில் எண்ணெய் தடவியிருந்தால் நாலில் ஒரு பங்கு குறைத்துக்கொள்வது அவசியம். முடுக்கும் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே செலவாவதால், எண்ணெய் பட்ட போல்ட்டு அதே இழுப்பில் அளவுக்கு மீறி நீண்டுவிடும்.

முடுக்கி முடித்ததும் போல்ட்டு முனை, நட்டு, காது மூன்றின் மேலும் ஒரே கோடாக வெள்ளைப் பெயிண்டு இழுத்துவிடுக. 100 கிலோமீட்டர் ஓடிய பின்னும், மறுபடி 500 கிலோமீட்டரிலும், அக்கோட்டைப் பார்த்து, தராசைக் கொண்டு பிடிப்பையும் சோதிக்க வேண்டும். கோடு முறிந்திருந்தால் நட்டு சுழன்றிருக்கிறது. குழல் நழுவுகிறது என்று கொண்டு புஷ்ஷையும் துளையையும் மறுபடி ஆராய்க. கோடு முறியாமலே பிடிப்புக் குறைந்திருந்தால் ஏதோ ஒன்று நசுங்கிப் படிந்திருக்கிறது. முகங்களைச் சரியாகத் தேய்க்கவில்லை, அல்லது வாஷர் மென்மையானது. முதல் சோதனையில் சிறிது படிதல் இயல்பே. மீண்டும் அளவுக்கு முடுக்கிப் புதுக்கோடு இடலாம். இரண்டாம் சோதனையிலும் குறைந்தால் கழற்றிப் பார்க்காமல் விடலாகாது.

மரைப் பசையைப் பற்றிப் பலர் விசாரிக்கின்றனர். எண்ணெய்ப் பசையின்றித் துடைத்த மரையில் தடவினால் அது நட்டு சுழல்வதைத் தடுக்கும். ஆனால் படிந்து போன பிடிப்பைத் திருப்பித் தராது. தேய்ந்த துளையை நிரப்பாது. காட்டர் பின்னும் அத்தன்மையதே; நட்டு விழாமல் காக்குமேயன்றி நெருக்கத்தைக் காக்காது. எல்லாவற்றையும் சரி செய்த பின்னர் இவற்றைச் சேர்த்துக்கொள்வதில் தடையில்லை.

டிராக்டர் டிரெய்லர்களைப் பற்றி

டிரெய்லர்களில் அதிகமாகத் தளர்பவை அச்சையும் வில்பட்டைகளையும் சேர்த்துக் கட்டும் யு போல்ட்டுகள். இவற்றைப் பட்டைகள் சுமை தாங்கி நிற்கும் நிலையில், ஒன்றைச் சிறிது, எதிர்மூலையிலுள்ளதைச் சிறிது என மாற்றி மாற்றி முடுக்குவதே முறை. இவை தளர்ந்து ஓடினால் பட்டைகளின் நடுவிலுள்ள சிறு சென்டர் போல்ட்டு முழுச் சுமையையும் தாங்க நேர்ந்து வெட்டுண்டுவிடும், அச்சு விலகிவிடும். கரும்பு, நெல் ஏற்றும் பருவம் தொடங்குமுன் ஒரு முறையும், முதல் சில நடைகளுக்குப் பின் ஒரு முறையும் பார்ப்பது போதுமானது.

கிராம பஞ்சாயத்துகளிடம் உள்ள குடிநீர் டிராக்டர்களையும் குப்பை வண்டிகளையும் பொறுத்தவரை, பார்ப்பவர் இன்னார் என்று குறிக்கப்படாததால் இச்சோதனை ஒருவராலும் செய்யப்படாமல் போவதுண்டு. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு, பிறருக்கு அபாயம் விளைக்கத்தக்க பழுதுள்ள வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதையும் ஓட்டவிடுவதையும் குற்றமாக்குகிறது. வண்டிக்குப் பொறுப்பான அலுவலர், வெள்ளைக் கோடு இட்ட தேதியையும், அன்று ஓடியிருந்த கிலோமீட்டரையும் அல்லது டிராக்டராயின் மணிக் கணக்கையும், வண்டியின் புத்தகத்தில் ஒரு வரியாகக் குறித்து, சோதித்தவரிடம் கையொப்பம் வாங்கி வைப்பது சிலாக்கியம்.

மாற்றிய பழைய போல்ட்டையும் நட்டையும் கருவிப் பெட்டியில் போட்டு வைக்கக் கூடாது. வழியில் அவசரம் நேரும் நாளில் டிரைவர் கைக்கு முதலில் அகப்படுவது அதுவாகவே இருக்கும். மரையில் ஒரு வெட்டு வெட்டிப் பழைய இரும்பில் சேர்த்துவிடுக.